எண்களோடு மனப்பாடமான கணக்கு

கடிதம் எழுதியிருப்பவருக்கு வயது 19. ஊரும் கல்லூரியும் வேண்டாம் என்றிருக்கிறார், சரி. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து பிளஸ் டூவில் 600க்கு 541 எடுத்தவர். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் (இசிஇ) சேர்ந்தார். இப்போது நான்காவது செமஸ்டர். மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், பைத்தான், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் என்று கையில் மூன்று அரியர். போன செமஸ்டர் ரிசல்ட் இப்போதுதான் வந்திருக்கிறது.

“கேய்லி ஹாமில்டன் கணக்கை அஞ்சு தடவை எழுதிப் பார்த்து, எண்களோடு மனப்பாடம் செய்துட்டுப் போனேன். பேப்பரில் வேற மேட்ரிக்ஸ் வந்திருந்தது. கை ஓடவில்லை” என்கிறார். லேபில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) கேட்ட ஒரு கேள்விக்கு வாயே திறக்க முடியவில்லையாம். புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்று கல்லூரியிலேயே வைத்த இன்டர்னலில் 25க்கு 9. ‘இரண்டு யூனிட்டை விட்டுவிடு, மூன்று போதும்’ என்கிறாள் தோழி. விடிய விடிய விழித்திருக்க மாத்திரை இருக்கிறது என்கிறார் ஹாஸ்டல் சீனியர். அரியர் விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. கடைசியில் மூன்று கேள்விகள்: ரீவேல்யூவேஷன் (மறுமதிப்பீடு) போடலாமா? ஒரு அரியர் விழுந்தாலே கேம்பஸ் இன்டர்வியூ கதவு மூடிவிடுமா? இதை விட்டுவிட்டு பி.ஏ. சேர்ந்துவிடலாமா?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ‘எனக்குப் படிப்பு வராது’ என்ற வரி நான்கு இடத்தில் வருகிறது. அதற்குச் சாட்சியாக நீங்கள் சொல்வதையெல்லாம் படித்தால் எனக்கு வேறு ஒன்றுதான் தெரிகிறது. பள்ளியில் உங்களுக்கு 541 வாங்கிக் கொடுத்த ஒரே முறையை எல்லாத் தேர்வுக்கும் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அந்த முறைக்கு ஒரு குறையும் இல்லை. இந்த செமஸ்டரில் உங்களுக்கு இருக்கும் சுற்றுச்சூழல் அறிவியல் தாளுக்கு அது இன்றைக்கும் செல்லும். கணக்குக்கும் புரோகிராமுக்கும் வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கும் செல்லாது. பதினெட்டு வருடமாகக் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிறவன் நான். பிளஸ் டூவில் ஐந்நூறுக்கு மேல் எடுத்துவிட்டு முதல் வருடத்தில் தடுக்கி விழுந்த பலரும் தடுக்கியது இந்த இடத்தில்தான்.

முதலில் கடிதத்தின் நடுவில் இருந்த ஒரு வரி. “எங்கேயாவது போயிடலாம் போல இருக்கு” என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டை விட்டுப் போவதைச் சொல்கிறீர்களா, உயிரையே விட்டுவிடலாம் என்று தோன்றுவதைச் சொல்கிறீர்களா? இரண்டாவது என்றால் நான் எழுதும் தேர்வு யோசனைகளை அப்படியே ஓரம் வையுங்கள். 14416, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண். இரவு இரண்டு மணிக்கும் தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. பக்கத்து அறைத் தோழியிடமும் இன்றே சொல்லுங்கள். அவ்வளவு தூரம் இல்லை, சலிப்புதான் என்றால் மேலே படியுங்கள்.

பாஸாக எவ்வளவு வேண்டும்?

நீங்கள் படிப்பது அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில். தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. தேர்வை 100 மார்க்குக்கு வைத்து 60 ஆகச் சுருக்குகிறார்கள். அந்தத் தாளில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும், இரண்டையும் கூட்டினால் 50 வர வேண்டும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். இன்டர்னலில் 23 இருந்தால் தாளில் 45 எடுத்தாலே பாஸ்: 23ம் 27ம் சேர்ந்து 50. இன்டர்னல் 20 என்றால் தாளில் 50 எடுக்க வேண்டும். இன்டர்னல் 38 இருந்தாலும் தாளில் 45க்குக் கீழே போனால் பாஸ் இல்லை. அரியர் எழுதும்போது பழைய இன்டர்னல் மார்க்கே தொடரும். அதனால் மூன்று பாடத்துக்கும் உங்கள் இன்டர்னல் எவ்வளவு என்று இன்றைக்கே பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். ‘மூன்று அரியர்’ என்று மலையாகத் தெரிவது, ‘ஒன்றில் 45, ஒன்றில் 45, ஒன்றில் 49’ என்று மூன்று எண்ணாகிவிடும்.

தோழி சொன்ன ‘இரண்டு யூனிட்டை விடு’ கணக்கையும் இதோடு பார்த்துவிடுவோம். பார்ட் ஏ-யில் யூனிட்டுக்கு இரண்டாகப் பத்து இரண்டு மார்க் கேள்விகள். பார்ட் பி-யில் யூனிட்டுக்கு ஒன்றாக ஐந்து 13 மார்க், ஒவ்வொன்றிலும் ‘இது அல்லது அது’. பார்ட் சி-யில் ஒரு 15 மார்க். ஒரு யூனிட்டை விட்டால் 17 மார்க் போச்சு, இரண்டை விட்டால் 34. மிச்சம் இருக்கும் 66ல் 45 எடுக்க வேண்டும். அந்த 15 மார்க்கும் விட்ட யூனிட்டிலேயே வந்து விழுந்தால் 51ல் 45. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கே அது கயிற்றின் மேல் நடப்பது. ஐந்து யூனிட்டிலும் இரண்டு மார்க் கேள்விகளைக் கெட்டியாகப் பிடித்து, யூனிட்டுக்கு இரண்டு பெரிய தலைப்பைத் தேற்றிக்கொண்டு போவது இதைவிடப் பாதுகாப்பு. பார்ட் ஏ-யில் 16 வந்துவிட்டால், மீதி ஆறு பெரிய கேள்விகளுமாகச் சேர்ந்து 29 கொடுத்தால் போதும்.

கணக்குத் தாள்

கேய்லி ஹாமில்டனுக்கு வருவோம். தமிழில் சொன்னால், எந்தச் சதுர அணியும் (மேட்ரிக்ஸ்) தன்னுடைய சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தானே நிறைவு செய்யும், அவ்வளவுதான். உங்களிடம் இருப்பது அந்த ஒரு மேட்ரிக்ஸின் விடை. உங்களிடம் இல்லாதது நான்கு படிகள்: சமன்பாட்டைக் கண்டுபிடிப்பது, அதில் λ இருந்த இடத்தில் அந்த மேட்ரிக்ஸ் A-யைப் போடுவது, A², A³ கணக்கிட்டு சரிபார்ப்பது, A⁻¹ஆல் பெருக்கி நேர்மாறை எடுப்பது. படிகளை ஒரு பக்கம் தமிழிலேயே எழுதுங்கள். அப்புறம் நீங்களே ஒரு மூன்றுக்கு மூன்று மேட்ரிக்ஸை இட்டுக்கட்டிப் போடுங்கள். விடை சரியா என்று யாரையும் கேட்க வேண்டாம். A-யையும் A⁻¹-ஐயும் பெருக்கினால் அலகு அணி வரவில்லையென்றால் எங்கோ தப்பு. இப்படி ஐந்து புது மேட்ரிக்ஸ் போடுவதும், பழைய கணக்கை ஐந்து முறை எழுதுவதும் ஒரே நேரம்தான் பிடிக்கும்.

நீங்கள் மறந்துபோன ஒன்று. வீட்டுப் பரணில் உங்கள் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் இருக்கும். அதன் முதல் பாடமே அணிகள், அணிக்கோவைகளின் பயன்பாடுகள்தான். மேட்ரிசஸ் என்று பெயர் மாறியதும் புதுப் பாடம் என்று பயந்துவிட்டீர்கள். இந்த வாரம் ஊருக்குப் போனால் எடுத்து வாருங்கள். தமிழில் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுவதில் குறைச்சல் எதுவும் இல்லை. தேர்வில் எழுத வேண்டிய ஆங்கிலச் சொற்கள் இந்தத் தாளுக்கு முப்பது நாற்பதுதான் தேறும்.

சிக்னல்ஸ் தாளை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். இந்த செமஸ்டரில் இருக்கும் டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங் (டிஎஸ்பி) அதன் தோள் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. கன்வல்யூஷன், ஃபூரியர், இசட் டிரான்ஸ்ஃபார்ம் எதுவும் பழைய தாளில் புரியாமல் புதிய தாளில் புரியாது. அரியருக்குப் படித்தால் நடப்புப் பாடமும் பாதி படித்த மாதிரி. மூன்று அரியரில் முதலில் இது.

எலக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் இன்னொரு ரகம், வருவிக்கும் (டெரிவேஷன்) தாள். அதில் மனப்பாடத்துக்கும் இடம் உண்டு, ஆனால் வரிக்கு வரி இல்லை. மேக்ஸ்வெல் சமன்பாட்டை வருவிக்கிறீர்கள் என்றால் எங்கே தொடங்குகிறது, நடுவில் எந்தத் தேற்றம் வருகிறது, எங்கே முடிகிறது என்ற மூன்று கொம்பை நட்டுவிட்டால் மற்றது தானே படரும்.

புரோகிராம் தாள்

பைத்தானில் பகா எண் புரோகிராமை அச்சுப் பிசகாமல் எழுதத் தெரியும் என்கிறீர்கள். ஒரு சோதனை. புத்தகத்தை மூடிவிட்டு அதைப் பேனாவால் தாளில் எழுதுங்கள். பக்கத்தில் கட்டம் போட்டு n-க்கு 7 கொடுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் வகுக்கும் எண் i எவ்வளவு, மீதி எவ்வளவு என்று நிரப்புங்கள். அப்புறம் n-க்கு 1 கொடுங்கள். மனப்பாடப் புரோகிராம்கள் பல, 1ஐயும் பகா எண் என்று சொல்லிவிடும். அதை எங்கே திருத்த வேண்டும் என்று நீங்களே கண்டுபிடித்துவிட்டால், ‘1 முதல் 100 வரை உள்ள பகா எண்களின் கூட்டுத்தொகை’ என்று கேள்வியைத் திருப்பிப் போட்டாலும் பயம் இல்லை. லேப்டாப் இல்லை என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். தேர்வு பேனாவில்தான் நடக்கிறது. லேப் நேரத்தில் ஓட்டிப் பார்ப்பதும் ஹாஸ்டலில் தாளில் ஓட்டிப் பார்ப்பதும் சேர்ந்தால் இந்தத் தாளுக்குப் போதும்.

விவரித்து எழுதும் தாள்

இதில் நீங்கள் கெட்டிக்காரர் என்பதால் இரண்டே விஷயம். ‘பக்கம் பக்கமாக நிரப்பினால் மார்க்’ என்று யாரோ சொன்னதை மறந்துவிடுங்கள். திருத்துகிறவர் கட்டு கட்டாகத் தாள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் கண் தேடுவது படத்தையும் தலைப்பையும் கலைச்சொல்லையும்தான். நெட்வொர்க்ஸ் தாளில் அடுக்குகளின் படம் போட்டுப் பெயர் குறிக்காமல் மூன்று பக்கம் எழுதினால் எடுபடாது. இரண்டாவது, நேரம். 180 நிமிடத்தில் பார்ட் ஏ-க்கு 30, ஒவ்வொரு 13 மார்க்குக்கும் 22, பார்ட் சி-க்கு 25 என்று வைத்தால் கடைசியில் 15 நிமிடம் கையில் நிற்கும். முதல் கேள்விக்கே நாற்பது நிமிடம் எடுக்கும் வழக்கம் உங்களுக்கு இருக்கிறது என்று கடிதத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

படிக்கும் விதத்திலும் ஒரு மாற்றம். நோட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கும், எல்லாம் தெரிந்த மாதிரியும் இருக்கும். 2006ல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களிடம் ஒரு பாடப் பகுதியைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு குழு திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு குழு வாசித்துவிட்டு, தாளை மூடி, நினைவிலிருந்து மூன்று முறை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வாசித்தவர்களிடம் 40 சதவீதம் மிஞ்சியிருந்தது, மூடி எழுதியவர்களிடம் 61. உங்களுக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. ஆகவே இரவில் நோட்டை மூடி, அன்றைக்குப் படித்ததை வெற்றுத் தாளில் கொட்டுங்கள். வராத இடத்தை மட்டும் திறந்து பாருங்கள். கடுப்பாகத்தான் இருக்கும். அந்தக் கடுப்புக்குத்தான் பலன்.

வைவா

உங்களை ஊமையாக்கிய கேள்வியைக் கடிதத்திலேயே எழுதியிருக்கிறீர்கள்: “டையோடோடு ஏன் ஒரு ரெசிஸ்டர் வைத்தாய்?” ரெக்கார்டு நோட்டில் அட்டவணை, கிராஃப், முடிவு எல்லாம் அழகாக இருந்திருக்கும். இந்த ‘ஏன்’ மட்டும் நோட்டில் இல்லை. பதில் ஒரு வரி. சிலிக்கான் டையோடு முன்னோக்கு சார்பில் 0.7 வோல்ட்டை நெருங்கியதும் மின்னோட்டம் குபீரென்று ஏறும், அதை மட்டுப்படுத்தாவிட்டால் டையோடு கருகிவிடும். பிளஸ் டூ இயற்பியல் படித்த உங்களுக்கு இது தெரியாத விஷயமே இல்லை. யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை, நீங்களும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

வைவாவுக்குத் தயாராவது வாயால் நடக்க வேண்டிய வேலை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் தோழியை எக்ஸ்டர்னலாக உட்கார வைத்து மூன்றே கேள்வி கேட்கச் சொல்லுங்கள். எதை அளக்கிறாய்? இந்தப் பொருள் ஏன் இங்கே? இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? லீனியர் ஐசி லேபில் 555 டைமர் சிப்பை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள், மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஹாலில் கேள்வி புரியவில்லையென்றால் ‘இன்னொரு முறை சொல்லுங்கள் சார்’ என்று கேட்கலாம். ஆங்கிலம் தடுமாறினால் ‘தமிழில் சொல்லலாமா மேடம்’ என்றும் கேட்கலாம். சம்மதிக்கிறவர்கள் நிறையப் பேர். மறுத்தாலும் கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லி, படம் வரைந்து காட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருப்பது தப்பே இல்லை. இன்னொன்று, லேபில் இன்டர்னல் 60, செமஸ்டர் தேர்வு 40, அந்த நாற்பதிலும் வைவா ஒரு பங்குதான். நீங்கள் படும் பயம் அதன் மார்க்கைவிடப் பல மடங்கு பெரிது.

புத்தகம் பார்த்து எழுதும் தேர்வில் 9 வந்ததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும், பக்கம் தேடியே நேரம் போயிற்று. அதற்கும் படித்துத்தான் போக வேண்டும். முன்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டி, எந்தச் சூத்திரம் எந்தப் பக்கத்தில் என்று எழுதிக்கொண்டு போங்கள். அங்கே கேட்பது புத்தகத்தில் இருக்கும் வரியை இல்லை, அதை வைத்து நீங்கள் செய்வதை.

ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் வகுப்பான என்பிடெல்லில் ஒரு கோர்ஸ் எடுத்திருக்கிறீர்கள். அங்கே வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, மையத்தில் போய் எழுதும் தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு முதலதில் 10, இரண்டாவதில் 30 இரண்டுமே வேண்டும். அசைன்மென்ட் விடையை வாட்ஸ்அப் குழுவில் வாங்கிப் போடுகிறவர்கள் தேர்வில் மாட்டுவார்கள். நான்கு விடையையும் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் உங்கள் விடையை மனதில் சொல்லிவிட்டு அப்புறம் பாருங்கள். எம்.டெக். சேர்வதற்கான கேட் தேர்வுக்கு இப்போதே படி என்று அப்பாவின் நண்பர் சொன்னதை ஒரு வருடம் தள்ளி வையுங்கள். அது பல கேள்விகளில் தப்பான விடைக்கு மார்க் வெட்டும் தேர்வு. அதன் பழக்கமே வேறு, இப்போது அதையும் தலையில் ஏற்ற வேண்டாம்.

ரீவேல்யூவேஷன், கேம்பஸ், பி.ஏ.

ரிசல்ட்டில் உங்களுக்குத் தெரிவது, பாஸ் இல்லை என்று சொல்லும் ‘யூ’ என்ற ஒற்றை எழுத்து. அது 44ஆ 14ஆ என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிப்பது உங்கள் உரிமை. ரீவேல்யூவேஷன் அதற்கு அடுத்த படி. எழுத்தைப் பார்த்தே குருட்டாம்போக்கில் பணம் கட்ட யோசிக்காதீர்கள். இந்த முறை சிக்னல்ஸ், பைத்தான் இரண்டுக்கும் நகல் வாங்குங்கள், கடைசித் தேதி சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் நாளைக்கே ஆபீஸில் கேளுங்கள். நகலைப் பாடம் எடுத்தவரிடம் காட்டுங்கள். நாற்பதுக்கு மேல் இருந்து, திருத்தாத விடையோ கூட்டல் பிழையோ கண்ணில் பட்டால் ரீவேல்யூவேஷன் போடலாம். இருபதுகளில் இருந்தால் அந்தக் காசு வீண். ஆனால் நகலுக்குக் கட்டிய காசு வீணில்லை, எங்கே கை ஓடவில்லை என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல மாட்டார்கள்.

கேம்பஸ் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. ‘இன்டர்வியூ நேரத்தில் கையில் அரியர் இருக்கக் கூடாது’ என்பது ஒரு நிபந்தனை. ‘எப்போதுமே அரியர் விழுந்திருக்கக் கூடாது’ என்பது வேறு நிபந்தனை. இரண்டாவதைக் கேட்கும் கம்பெனிகளும் உண்டு, அவை உங்களுக்கு இல்லை என்று ஆகிவிட்டது. முதலாவதை மட்டும் கேட்பவை நிறைய, அவற்றுக்கு இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கிறது. டிஸ்டிங்ஷன் போனது போனதுதான், அதற்கு எல்லாவற்றிலும் முதல் முறையே பாஸாகியிருக்க வேண்டும். ஃபர்ஸ்ட் கிளாஸ் போகவில்லை. ஐந்து வருடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்து மொத்தப் படிப்புக்குமான சராசரிப் புள்ளியான சிஜிபிஏ 6.5 இருந்தால் வந்துவிடும்.

பி.ஏ. போவது கேவலம் என்று நான் சொல்ல மாட்டேன். தமிழ் இலக்கியம் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். நீங்கள் எழுதியிருப்பது ‘அங்கே அரியர் விழாதாமே’ என்று. இரண்டு வருடத்தையும் அரசு கட்டும் கட்டணத்தையும் விட்டுவிட்டுப் போக அது போதுமான காரணம் இல்லை. ஏப்ரல், மே தேர்வு முடியட்டும். முறையை மாற்றி எழுதிய பிறகும் மூன்றில் ஒன்றுகூடத் தேறவில்லையென்றால், பாடமே பிடிக்கவில்லையா என்று அப்போது உட்கார்ந்து பேசுவோம்.

மாத்திரை வேண்டவே வேண்டாம். சீனியர் கையில் இருப்பது என்ன மருந்து என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம். படபடப்பு, கை நடுக்கம், மறுநாள் ஹாலில் கண் இருட்டுவது என்று வந்தால் யார் பொறுப்பு? தூங்கும்போதுதான் படித்தது உள்ளே படியும். தேர்வுக்கு முந்தைய இரவு ஆறு மணி நேரமாவது தூங்குங்கள். அந்த இரவு புதுப் பாடம் எதையும் தொடாதீர்கள், இரண்டு மார்க் கேள்விகளைப் புரட்டுங்கள், போதும்.

அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மற்றவர் சொல்லித் தெரிய வேண்டாம். போனில் வேண்டாம், ஊருக்குப் போகும்போது சொல்லுங்கள். லோடு இறக்கிவிட்டு வந்த களைப்பில் இருக்கும்போது வேண்டாம், சாப்பிட்ட பிறகு. ‘ஃபெயிலாயிட்டேன்பா’ என்று அழுதுகொண்டு ஆரம்பித்தால் அவரும் பதறுவார். மூன்று பாடம், மூன்றுக்கும் எவ்வளவு வேண்டும், எப்போது எழுதுகிறேன் என்று அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும். தாளைப் பார்த்தால் பிள்ளை கணக்கோடுதான் இருக்கிறாள் என்று அவருக்குப் புரியும்.

சிக்னல்ஸ் நகல் வந்ததும் பார்ட் ஏ, பி, சி எதில் எவ்வளவு என்று மூன்று வரி எழுதி அனுப்புங்கள். மார்க் போனது இரண்டு மார்க்கிலா 13 மார்க்கிலா என்று பார்த்துவிட்டு, எந்த யூனிட்டில் தொடங்கலாம் என்று எழுதுகிறேன்.